தொழில் வாழ்வில் மனத்திண்மை: தண்டியடிகள் நாயனார் காட்டும் வழி

ஆலயம் என்பது ஆன்மா இறைவனிடத்தே லயிக்கின்ற இடமாகும். ஆயினும் ஆலயத்திற்கு வருகின்ற அடியார்கள் யாவரும் வீடுபேறு ஒன்றையே வேண்டி வருவதில்லை என்பது வெளிப்படை. பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளிலே பிள்ளையின் பெயர், நட்சத்திரம் சொல்லி அருச்சனை செய்விக்கின்ற தாயார், நேர்முகப் பரீட்சைக்குப் புறப்படுமுன் பிள்ளையார் வாசலில் சிதறுதேங்காய் அடிக்கின்ற இளைஞன், கடன்பட்டுத் தொடங்கிய கடை நிலைபெற வேண்டுமென நேர்த்தி வைக்கின்ற குடும்பத்தலைவன் எனப் பலரும் தொழிலையும் வாழ்வையும் முன்னிட்டே இறைவன் திருமுன் கைகூப்பி நிற்கின்றனர். இது குறைகூறத்தக்க ஒன்றன்று. குழந்தை தன் தேவையைத் தாயிடம் கேட்பது இயல்பே.

ஆனால் கேட்கப்பட்ட வேலை கிடைக்காதபோது என்ன நிகழ்கின்றது? பெறுபேறு எதிர்பார்த்தவாறு அமையாதபோது பிள்ளை யாது செய்கின்றது? இவ்விடத்திலேதான் பலருடைய வாழ்வு திசைமாறுகின்றது. சிலர் அறைக்குள்ளே முடங்குகின்றனர். சிலர் முகவரின் பேச்சை நம்பிக் காணியை ஈடுவைத்துக் கடல்கடக்க முனைகின்றனர். சிலர் அரச நியமனம் ஒன்றை எதிர்பார்த்தே பல ஆண்டுகளைக் கழிக்கின்றனர். ஆகையால் வேலையை வேண்டுவதோடு, வேலை தள்ளிப்போனாலும் தளராத மனத்தையும் வேண்டுதல் அவசியமாகின்றது. இம்மனநிலையே மனத்திண்மை எனப்படும். வள்ளுவப் பெருந்தகை ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை, வினைத்திட்பம் எனத் தனித்தனி அதிகாரங்களை வகுத்தமை இதன் இன்றியமையாமையை உணர்த்தும்.

தொழிலும் தொண்டும்

சைவசமயம் உலகத் தொழிலை இழிவானதெனத் தள்ளிய சமயமன்று. சேக்கிழார் பெருமான் போற்றிய நாயன்மார்களை நோக்கின் இவ்வுண்மை புலனாகும். திருநீலகண்டர் மட்பாண்டம் வனைந்தவர். திருக்குறிப்புத்தொண்டர் ஆடை வெளுத்தவர். நேசர் நெசவு செய்தவர். அமர்நீதியார் வணிகர். இளையான்குடிமாறர் வேளாண்மை செய்தவர். அதிபத்தர் நாகைக் கடலில் மீன்பிடித்தவர். இவர்கள் தத்தம் தொழிலைச் செய்துகொண்டே, அத்தொழிலின் வாயிலாகவே இறைவனை அடைந்தனர்.

இவர்களிலே அதிபத்தர் வரலாறு தொழில் நலிந்த காலத்திற்கு ஏற்றதொரு பாடமாகும். நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களுள் சிறந்த ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விடுவது அவர் நியமம். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரு மீனே அகப்பட்டது. குடும்பம் பசித்திருந்தது. அந்த ஒரு மீனையும் இறைவனுக்கே விட்டு, மறுநாளும் வலையோடு கடலுக்குச் சென்றார். அவருடைய பக்தி போற்றப்படும் அளவிற்கு, வலை வெறுமையான மறுநாளும் தொழிலுக்குச் சென்ற அவருடைய உறுதி எடுத்துப் பேசப்படுவதில்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத் தடையாலும், 2022ஆம் ஆண்டில் பொருளாதார நெருக்கடியாலும் வருமானம் இழந்து மீண்டெழுந்த விவசாயிகளுக்கும் கடற்றொழிலாளருக்கும் இவ்வுறுதியின் பெறுமதி நன்கு விளங்கும்.

கயிற்றைப் பற்றிய கை

மனத்திண்மை எவ்வாறு உண்டாகின்றது என்பதைப் பெரியபுராணத்தில் மிகத் தெளிவாகக் காட்டுபவர் தண்டியடிகள் நாயனார். திருவாரூரிலே பிறந்த இவருக்குப் பிறவியிலேயே கட்பார்வை இல்லை. திருக்கோயிலை வலம்வந்து திருவைந்தெழுத்தை ஓதுவதே அவருடைய வழக்கம். கோயிலின் மேற்குப் பக்கத்துத் திருக்குளம் தூர்ந்து சுருங்குவதை அறிந்த அவர், அதனைத் தாமே தோண்டி ஆழப்படுத்த எண்ணங்கொண்டார்.

கண் தெரியாத ஒருவர் குளம் தோண்டுவது எங்ஙனம்? இங்கேதான் அடிகளின் நுண்ணறிவு வெளிப்படுகின்றது. குளத்தின் நடுவிலே ஒரு தறியை நட்டார். கரையிலே மற்றொரு தறியை நட்டார். இரண்டையும் கயிற்றினாற் பிணைத்தார். குளத்தினுள்ளே மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்துக்கொண்டு, கயிற்றைத் தடவித் தடவிக் கரைக்கு வந்து கொட்டினார். மீண்டும் கயிற்றைப் பற்றியே உள்ளே இறங்கினார். இவ்வாறு நாள்தோறும் ஐந்தெழுத்தை ஓதியவாறே பணி தொடர்ந்தது.

இதனைக் கண்ட சமணர்கள், மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மடியும் என்று தடுத்தனர். அடிகள் இணங்காதபோது, கண்ணோடு காதும் போயிற்றோ என எள்ளி நகையாடினர். ஈற்றில் மண்வெட்டியையும் கூடையையும் பறித்து, தறிகளையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தனர். அடிகள் மனம் வருந்தி இறைவனிடம் முறையிட்டார். இறைவன் அடிகளின் கனவிலும் சோழ மன்னனின் கனவிலும் தோன்றி அருளினார். மறுநாள் மன்னன் முன்னிலையில் ஐந்தெழுத்தை ஓதிக் குளத்தில் மூழ்கி எழுந்த அடிகள் பார்வை பெற்றார் என்பது வரலாறு.

இவ்வரலாற்றைக் கேட்போர் பெரும்பாலும் ஈற்றில் நிகழ்ந்த அற்புதத்தையே நினைவிற் கொள்வர். ஆனால் அற்புதத்திற்கு முன்னே எத்தனையோ கூடை மண் கரையேறியிருந்தது என்பதையும் சிந்தித்தல் வேண்டும். அடிகளுக்குக் குளத்தின் எல்லை தெரியாது. வேலை எப்பொழுது முடியும் என்பதும் தெரியாது. கைக்குத் தெரிந்தது கயிறு ஒன்றே. மனம் என்றும் ஒரேவகையாக இராது. காலையில் உற்சாகமாகவும் மாலையில் சோர்வாகவும் இருப்பது அதன் இயல்பு. சோர்ந்த வேளையிலும் பற்றி நடப்பதற்கு ஒரு கயிற்றைக் கட்டி வைத்திருப்பவனே மனத்திண்மை உடையவன். திண்மை என்பது உள்ளத்தில் எழும் வேகமன்று; நாள்தோறும் பற்றி நடக்கும் ஒழுங்கு.

தொழில் வாழ்வுக்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். கரையிலுள்ள தறி, அடைய வேண்டிய தொழில் அல்லது தகைமை. குளத்தினுள் நட்ட தறி, இன்று ஒருவர் நிற்கின்ற உண்மையான நிலை. கயிறு, இரண்டையும் இணைக்கின்ற நாளாந்த நியமம். கூடை, ஒரு நாளிற் சுமக்கக்கூடிய அளவு. பலர் கரைத்தறியை மட்டும் நட்டுவிட்டு, நிற்கின்ற இடத்தை ஒப்புக்கொள்ள மறுக்கின்றனர். வேறு சிலர் ஒரே நாளில் நூறு கூடை சுமந்து மறுநாளே கைவிடுகின்றனர்.

நல்லெண்ணமும் வெறுங்கனவும்

நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும் என்று அறிவுரை கூறுவது இக்காலத்தில் பெருவழக்காகிவிட்டது. இதிலே ஓர் உண்மையும் ஒரு பிழையும் கலந்துள்ளன. உளவியலாளர்களான கபிரியேல் எட்டிங்கன், டோரிஸ் மேயர் ஆகியோர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனை நன்கு விளக்குகின்றது. ஜேர்மனியில் பட்டப்படிப்பை முடித்து வேலை தேடியவர்களிடம், எதிர்கால வேலை பற்றி எவ்வளவு இனிமையாகக் கற்பனை செய்கின்றனர் என்பதையும், வேலை கிடைக்கும் என்று எவ்வளவு எதிர்பார்க்கின்றனர் என்பதையும் வேறுவேறாகக் கேட்டறிந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின்னர் பார்த்தபோது, இனிய கற்பனையில் அதிகம் திளைத்தவர்கள் குறைவான விண்ணப்பங்களையே அனுப்பியிருந்தனர். அவர்களுக்குக் கிடைத்த வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. மாறாக, தம்மால் முடியும் என்ற எதிர்பார்ப்பு மிக்கவர்கள் கூடுதலாக முயன்று கூடுதலாகப் பெற்றிருந்தனர்.

கற்பனையிலேயே வேலை கிடைத்த இன்பத்தை அனுபவித்துவிட்ட மனம் விண்ணப்பம் எழுத எழுந்திருப்பதில்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். குளம் நிறைந்து தாமரை பூத்திருப்பதைக் கனவு கண்டுகொண்டு தண்டியடிகள் கரையில் அமர்ந்திருக்கவில்லை. தோண்ட முடியும் என்று நம்பினார். அந்நம்பிக்கை கையிலே மண்வெட்டியாயிற்று. செயலுக்கு இட்டுச்செல்கின்ற நம்பிக்கையே நல்லெண்ணம். செயலுக்குப் பதிலாக வந்து அமர்கின்ற நினைப்பு வெறுங்கனவு.

தோல்வியை எவ்வாறு சொல்லிக்கொள்வது?

மனத்திண்மைக்கு மற்றொரு திறவுகோல், ஒருவர் தமது தோல்வியைத் தமக்குத்தாமே எவ்வாறு விளக்கிக்கொள்கின்றார் என்பதாகும். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் ஆயுள் காப்புறுதி முகவர்களை ஆராய்ந்து 1986ஆம் ஆண்டில் சக ஆய்வாளருடன் ஒரு கட்டுரையை வெளியிட்டார். காப்புறுதி முகவர் தொழில் நாளுக்குப் பலமுறை 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்கும் தொழில் என்பதை எவரும் அறிவர். மறுக்கப்பட்டபோது 'நான் எதற்கும் உதவாதவன்' என்று எண்ணியவர்களைவிட, 'இன்று அவருக்கு நேரமில்லை, நாளை வேறொருவரிடம் போவோம்' என்று எண்ணியவர்கள் கூடுதலாக விற்றனர், தொழிலிலும் நீடித்தனர்.

உயர்தரப் பரீட்சையில் தவறிய மாணவன் ஒருவன், 'என் தலையெழுத்து இவ்வளவுதான்' என்று சொல்வதற்கும், 'இம்முறை பௌதிகவியலில் போதிய பயிற்சி செய்யவில்லை' என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முதலாவது கூற்று கதவை அடைக்கின்றது. இரண்டாவது கூற்று செய்ய வேண்டிய வேலையைக் காட்டுகின்றது. ஊழ்வினையை நம்புகின்ற சைவர்கள் முயற்சியைக் கைவிடலாகாது. பழவினையின் பயனை நுகர்கின்ற அதேவேளையில் புதிய வினையையும் மனிதன் செய்துகொண்டே இருக்கின்றான் என்பது சைவசித்தாந்தக் கொள்கையாகும். இன்றைய முயற்சியே நாளைய வினைப்பயன். ஆகவே விதி என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்கான சாட்டாகாது.

நாவலர் பெருமானின் துணிவு

ஈழத்துச் சைவர்களுக்கு இவ்விடயத்திலே கண்முன் நிற்கின்ற எடுத்துக்காட்டு நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள். 1822ஆம் ஆண்டில் பிறந்த அவர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசன் பாடசாலையில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ்ப் பணியில் உதவியாளராகவும் இருந்தார். மதிப்பும் வேதனமும் நிறைந்த அப்பதவியை 1848ஆம் ஆண்டில் துறந்து, அதே ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

பாடசாலை நடத்தப் பணம் போதவில்லை. நாவலர் அவர்கள் வீடுதோறும் பிடியரிசி சேர்க்கும் முறையைக் கைக்கொண்டார். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பது எந்த ஏழைக் குடும்பத்திற்கும் இயலும். பாடநூல் இல்லை என்ற குறைக்குச் சென்னை சென்று 1849ஆம் ஆண்டில் அச்சியந்திரம் வாங்கிவந்து பாலபாடங்களை அச்சிட்டார். 1852ஆம் ஆண்டில் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். தண்டியடிகள் வரலாற்றைப் பாமரரும் வாசித்து அறிய வழிசெய்தவரே தண்டியடிகளைப்போல் கூடை கூடையாக மண் சுமந்தவர் என்று கூறின் அது மிகையாகாது. பெருந்தடை ஒன்றைக் கண்டபோது அவர் அதனைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்தார். ஒரு பிடி அரிசி, ஒரு பாடநூல், ஒரு பாடசாலை என்றே அவர் பணி வளர்ந்தது.

இக்கால இளைஞருக்குள்ள வழிகள்

தொழில் என்றால் பல்கலைக்கழகமும் அரச உத்தியோகமுமே என்ற எண்ணம் கிராமங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வொரு வழி அடைபட்டதும் எல்லாமே அடைபட்டதாகப் பிள்ளைகள் கலங்குவதற்கு இதுவே காரணம். உண்மையில் கரைக்குச் செல்லும் வழி ஒன்றன்று. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையை மூன்று முறை எழுதலாம். 1980ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்கள் ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளன. கீழ்மட்டத்தில் ஒரு கைத்தொழிலைக் கற்கத் தொடங்கிய ஒருவர் படிப்படியாகப் பட்ட மட்டமாகிய ஏழாம் மட்டம் வரை உயரலாம். பல ஆண்டுகள் வேலைத்தளத்திலேயே தொழில் பழகிய மேசன், தச்சர், வயரிங் வேலை செய்பவர் போன்றோர் தமது அனுபவத்தை மதிப்பிடச் செய்து சான்றிதழ் பெறும் ஒழுங்கும் உண்டு.

இவற்றுள் எதனைத் தெரிந்தாலும் கயிறு கட்டுவது அவசியம். 'நன்றாகப் படிப்பேன்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'மாலையில் விளக்கேற்றிக் கும்பிட்டதும் ஒரு மணிநேரம் கணக்குச் செய்வேன்' என்று வேளையையும் வேலையையும் பிணைத்து உறுதிகொள்வது கூடுதலான பயனைத் தரும் என்பதை பீற்றர் கோல்விட்சர் என்னும் உளவியலாளர் 1999ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டியுள்ளார். சைவ மக்களுக்கு இது புதியதன்று. சந்தியா வேளை, விரத நாள், பூசை நேரம் என வேளையோடு செயலைப் பிணைத்த வாழ்வே அவர்களுடையது. அந்நியமத்தைப் படிப்பிற்கும் தொழிலுக்கும் நீட்டிக்கொள்வது எளிது.

கைக்கொள்ளத்தக்க சில நியமங்கள் வருமாறு:

1. அதிகாலையில் எழுந்து நீராடித் திருநீறணிந்து, சில நிமிடங்களாவது திருவைந்தெழுத்தை ஓதி மனத்தை ஒருமுகப்படுத்துதல்.
2. அன்றைய நாளுக்கு ஒரு கூடை வேலையை மட்டும் குறித்து, அதனை முடித்தல்.
3. தோல்வி நேரும்போது, எதில் தவறியது, அடுத்து என்ன செய்வது என்ற இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதுதல்.
4. தொழிலில் முன்னேறிய ஒருவரிடம் மாதம் ஒருமுறையாவது ஆலோசனை கேட்டல்.
5. ஒருநாள் நியமம் தவறினால், மறுநாள் தவறாமல் மீண்டும் கயிற்றைப் பற்றுதல்.

திண்மை வேறு, பிடிவாதம் வேறு

மனத்திண்மை என்பது எல்லாவற்றையும் வாய்மூடிப் பொறுத்துக்கொள்வதன்று. தறிகள் பிடுங்கப்பட்டபோது தண்டியடிகள் மௌனமாக இருக்கவில்லை. இறைவனிடம் அழுது முறையிட்டார். மன்னன் வந்து கேட்டபோது நடந்ததை எடுத்துரைத்தார். வேலைத்தளத்தில் சம்பளம் மறுக்கப்படுபவரும், அவமதிக்கப்படும் பெண்பிள்ளைகளும் உரிய இடத்தில் முறையிடுவது பலவீனமன்று. அதுபோலவே உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுமாயின் அதனை மறைத்தலாகாது. உடனே வீட்டாரிடமோ வைத்தியரிடமோ கூறுதல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் உதவி பெறலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதில் வெட்கப்படாதவர்கள் மனநோவுக்கு மருந்தெடுப்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

இங்கு பெற்றோருக்கும் அயலவருக்கும் பெரும் பொறுப்புண்டு. திருநாவுக்கரசு நாயனார் வேறு சமயம் சென்று, சூலைநோயால் வருந்தித் திரும்பி வந்தபோது, தமக்கையார் திலகவதியார் பழையதைச் சொல்லிக் குத்திக்காட்டவில்லை. திருநீறு அளித்து அழைத்துச் சென்று இறைவன் முன்னே நிறுத்தினார். அவ்வொரு செயலால் உலகிற்கு ஓர் அப்பர் கிடைத்தார். பரீட்சையில் தவறிய பிள்ளையிடமும், வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மகனிடமும், 'அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்' என்று சொல்கின்ற வீடு அவனுடைய தறியைப் பிடுங்கி எறிகின்ற வீடாகும். 'வா, சாப்பிடு, நாளைக்கு என்ன செய்வம் என்று யோசிப்பம்' என்று சொல்கின்ற வீடு கயிற்றை மீண்டும் கட்டிக்கொடுக்கின்ற வீடாகும்.

விக்கினங்களைத் தீர்க்கும் விநாயகப் பெருமானிடம் வேண்டும்போது, தடைகள் நீங்க வேண்டும் என்பதோடு, தடைகள் உள்ள நாளிலும் தளராது ஒரு கூடை மண்ணைச் சுமக்கும் வலிமையையும் வேண்டுதல் நன்று. அவ்வலிமை பெற்ற இளைஞர் எத்தொழிலைச் செய்தாலும் உயர்வர். அவர்களால் குடும்பமும் கிராமமும் ஆலயமும் உயரும். எல்லாம் வல்ல பிள்ளையாரின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.

மேன்மைகொள் சைவநெறி வாழ்க.